ஆட்டுக்கல்லின் கடைசித் தோல்வி

ஒஸ்லோவில் நான் கண்ட மனிதர்களிலேயே அதிக மரியாதை தெரிந்தவரும், அதிக தடவை தோற்றவரும் ஒரே ஆள்தான். எங்கே நிற்கவைத்துக் கேட்டாலும் இதைச் சத்தியம் பண்ணிச் சொல்லுவேன். அவர் ஒரு கதவைத் திறந்தால், வாசலில் நின்று முதலில் அந்த அறைக்குக் குனிவார். பிறகுதான் கால் வைப்பார். வேலை முடிந்து போகும்போது திரும்பி நின்று இன்னொரு முறை குனிவார். அறைக்குள் ஆள் இருக்கிறதா இல்லையா என்பது அவருக்குப் பொருட்டில்லை. துணி உலர்த்தும் மெசினுக்குக் குனிந்துவிட்டு, அதன் வயிற்றுக்குள் தலையை விட்டு அவர் திருத்தத் தொடங்கியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அப்போது நான் ஒஸ்லோவில் ரொம்சோஸ் என்ற மலைக் குடியிருப்பில் இருந்தேன். மலையிலிருந்து இறங்கிப் பத்து நிமிடம் நடந்தால் ஒரு முதியோர் இல்லம். அதன் நிலவறையில் இருந்த சலவைக்கூடத்தில் இருபத்திரண்டு வருடம் வேலை செய்தேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். ஆனால் வெள்ளைத் துணியைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. நான் மடித்த படுக்கை விரிப்பை மேல்மாடித் தாதிமார் தொட்டுப் பார்த்து, "இது பரிமளத்தின் மடிப்பு" என்பார்கள். அந்தப் பெருமை எனக்கு இருந்தது. இருந்தது என்று ஏன் எழுதுகிறேன் என்பது பிறகு தெரியும்.

எனக்குத் துணை வேலைக்காரி பக்கத்து ரொம்மனில் இருந்து வரும் சிவமலர். எனக்குப் பத்து வயது இளையவள், வாய் மட்டும் என்னைவிட முப்பது வயது மூத்தது. கட்டடத்துக்குப் புதிய பராமரிப்பாளர் வந்த அன்று, அவர் வாசலை அடைத்துக்கொண்டு நின்று எங்கள் இருவருக்கும் குனிந்தார். நான் பதிலுக்குத் தலையை ஆட்டினேன். சிவமலர் வாயைப் பொத்திக்கொண்டு துணிச் சாக்குக்குப் பின்னால் போய்விட்டாள்.

"அக்கா, உது மனிசனே? ஆரோ ஆட்டுக்கல்லுக்குக் களுசான் போட்டு விட்டிருக்கினம்."

"சும்மா இரு. பாவம், கும்பிட்டவர்."

"கும்பிட்டவரோ? நான் மேல் பாதி கழண்டு விழப்போகுதாக்கும் எண்டு பயந்து போனன்."

அன்றிலிருந்து அவர் எங்களுக்கு ஆட்டுக்கல். கழுத்து கிடையாது. தோளிலிருந்து நேரே தலை. காது இரண்டும் கசக்கிப்போட்ட அப்பளம் மாதிரி. அவருக்கு ஒழுங்கான ஹங்கேரிப் பெயர் ஒன்று இருந்தது. அதைச் சொல்ல எங்கள் நாக்கு வளையவில்லை. அவர் மட்டும் என் பெயரை ஓர் எழுத்தும் விடாமல் சொல்லுவார். "ஃப்ரூ பரிமளம்." ஃப்ரூ என்றால் திருமதி. நோர்வேக்காரர் இப்போது ஒருவரையும் அப்படிக் கூப்பிடுவதில்லை. இந்த நாட்டில் என்னைத் திருமதி என்று கூப்பிட்ட ஒரே மனிதர் அவர்தான். எங்கள் இருவருடைய நோர்வேஜியனும் ஒரே அளவு மோசம். அதனால் ஒருவர் சொல்வது மற்றவருக்கு நன்றாக விளங்கியது.

அவர் இளமையில் ஜூடோக்காரர். மிகப் பாரம் கூடிய ஆட்கள் மோதுகிற பிரிவில் ஹங்கேரிக்காகப் பத்து வருடத்துக்கு மேல் விளையாடியவர். சின்ன ஊர், ஆற்றங்கரை. பதினொரு வயதில் உதைபந்தாட்டத்துக்குப் போனாராம். இவனைக் கோல் வாசலில் நிறுத்தினால் பந்துக்குப் போக வழியில்லை, இது நியாயமில்லை என்று மற்றப் பிள்ளைகள் அழுதார்களாம். அடுத்த கட்டடத்தில் ஜூடோ வகுப்பு. அங்கே கொண்டுபோய் விட்டார்கள்.

மதிய இடைவேளையில் தன் போட்டிகளைப் பற்றிச் சொல்லுவார். வென்ற கதை கேட்டால், "வென்றேன்" என்று ஒரு சொல்லோடு முடித்துவிடுவார். தோற்ற கதை என்றால் அரைமணி நேரம் வேண்டும். "போலந்துக்காரன். இடது கைக்காரன். என் சட்டையின் கையை இப்படிப் பிடித்தான். அழகான பிடி. நான் காற்றில் போகும்போதே, இது எவ்வளவு அழகு என்று நினைத்தேன்." இதைச் சொல்லிக்கொண்டே எழும்பி, அழுக்குத் துணிச் சாக்கு ஒன்றைத் தோளில் வாங்கி, ஒரு சுற்றுச் சுற்றி, நிலத்தில் படாரென்று போடுவார். பிறகு சாக்குக்கு எதிரே நின்று குனிவார்.

"வெண்டவர் ஆர், தோத்தவர் ஆர்?" என்பாள் சிவமலர்.

"சாக்கு வென்றது. இந்தச் சாக்குத்தான் போலந்துக்காரன்."

"அப்ப நீங்கள் ஏன் குனியிறீங்கள்?"

அப்போதுதான் விளக்கினார். போட்டி தொடங்கும்போது இருவரும் எதிரெதிரே நின்று குனிய வேண்டும். முடிந்த பிறகும் குனிய வேண்டும். எலும்பு முறிந்திருந்தாலும், கண்ணீர் வந்தாலும் குனிய வேண்டும். ஒருவர் குனிந்து மற்றவர் குனியாவிட்டால் அந்தப் போட்டி முடிந்ததாக அர்த்தமில்லை. சட்டையைப் பற்றியும் அன்றுதான் சொன்னார். சட்டையின் கை மணிக்கட்டு வரை இருக்க வேண்டுமாம். எதிராளி பிடிப்பதற்கு நாம்தான் இடம் கொடுக்க வேண்டும். கட்டையான கையோடு போய் நிற்பது களவு. அதற்காகவே வாசலில் ஒருவர் அளவுகோலோடு நிற்பாராம்.

தன்னைத் தோற்கடித்தவர்களுடைய பெயர்களை நீலநிறக் கொப்பி ஒன்றில் எழுதி வைத்திருந்தார். பெயர், நாடு, எந்த எறிதலால் தோற்கடித்தார் என்று ஒரு வரிக்கு ஓர் ஆள். தான் வென்றவர்களை எழுதவில்லை. ஏன் என்று கேட்டேன். "அவர்கள் எனக்கு ஒன்றும் கற்றுத்தரவில்லை" என்றார். எனக்கு அது கிறுக்காகப் பட்டது. எங்கள் சனம் தோற்றதை எழுதி வைக்கிற சனமா?

அவர் செய்த கூத்துகளில் பெரியது சாப்பாட்டு மண்டபத்தில் நடந்தது. ஜூடோவில் முதல் பாடம் விழுவதாம். விழும்போது கையை ஊன்றக்கூடாது, தலையைக் குனிந்து நாடியை நெஞ்சில் வைத்துக்கொண்டு உள்ளங்கையால் நிலத்தில் ஓங்கி அடிக்க வேண்டும். அந்த அடி விழுகிற வேகத்தை வாங்கிக்கொள்ளுமாம். முதியோர் இல்லத்தில் வாரத்துக்கு ஒருவர் விழுவார், இடுப்பு உடையும். இவருக்கு அது பொறுக்கவில்லை. ஒருவரிடமும் கேட்காமல், செவ்வாய்க்கிழமைகளில் பத்துப் பன்னிரண்டு கிழவர் கிழவிகளைக் கதிரையில் இருத்தி, மேசையில் அடிக்கப் பழக்கினார். மூன்றாம் செவ்வாய் மேலதிகாரி அம்மா நகரசபை ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். அந்த நேரம் ஒரு தாதியின் கையிலிருந்து கரண்டி கீழே விழுந்தது. பழக்க தோஷம், மண்டபம் முழுவதும் நாடியை நெஞ்சில் வைத்துக்கொண்டு மேசையில் படீரென்று ஓர் அடி. சூப் கூரைக்குப் போனது. தொண்ணூற்றிரண்டு வயதுக் கிழவி ஒருவர், அவருக்குப் பேச்சு நின்று ஒரு வருடம், "நல்லா அடிச்சனோ?" என்று கேட்டார் என்று தாதிமார் கண்ணீரோடு வந்து சொன்னார்கள்.

ஆட்டுக்கல்லுக்கு எழுத்தில் எச்சரிக்கை கிடைத்தது. அவர் அதை வாங்கும்போதும் குனிந்தார்.

எனக்கும் அந்தப் பாடத்தைப் பழக்கினார். நான் கேட்கவில்லை. ஆனால் அந்த மாரி, ரொம்சோஸ் சுரங்கரயில் வாசலில் பனிக்கட்டியில் என் கால் வழுக்கியது. என் கை தானாகப் போய் ஐஸில் அடித்தது. சுற்றி நின்றவர்கள் நான் ஆத்திரத்தில் நிலத்துக்கு அடிக்கிறேன் என்று நினைத்திருப்பார்கள். ஓர் எலும்பும் உடையவில்லை. அடுத்தநாள் அவரிடம் சொன்னபோது, அந்தப் பெரிய முகம் சிவந்து, "உள்ளங்கையா, முழுக்கையா?" என்று மட்டும் கேட்டார்.

இனி நான் சொல்லத் தயங்குகிற இடத்துக்கு வருகிறேன்.

அந்த நீலக் கொப்பியில் ஒரு பெயர் மூன்று முறை இருந்தது. ஒரு பெல்ஜியக்காரன். ஐரோப்பியப் போட்டி ஒன்றில் மூன்றாமிடத்துக்காக மோதியபோது, முடிய ஏழு விநாடி இருக்கையில் ஆட்டுக்கல்லை எறிந்தவன். அந்த ஏழு விநாடிக்குப் பிறகு நாட்டு அணியில் ஆட்டுக்கல்லுக்கு இடம் கிடைக்கவில்லை. இருவரும் எதிரிகளாகவில்லை. ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் கடிதம் எழுதிக்கொண்டார்கள். ஒரு வருடம் பெல்ஜியக்காரன் எழுதினான்: சுவீடனில் பழைய வீரர்களுக்கு ஒரு போட்டி வருகிறது, நான் வருகிறேன், அது முடிந்ததும் எனக்கு இடுப்பு மாற்றப் போகிறார்கள், இனி எனக்கு மேடை இல்லை, நீ வா.

ஆட்டுக்கல்லுக்கு அப்போது அறுபத்துமூன்று வயது. கடிதத்தை எனக்கு வாசித்துக் காட்டினார். "நான்காவது தடவையும் தோற்றால் பரவாயில்லை, ஃப்ரூ பரிமளம். ஆனால் அந்த ஏழு விநாடியும் நான் இன்னொரு முறை நிற்க வேண்டும்."

ஒரு தடங்கல் இருந்தது. பெல்ஜியக்காரன் நூறு கிலோவுக்கு மேற்பட்டவர்களின் பிரிவு. ஆட்டுக்கல் வயிற்று வருத்தம் ஒன்று வந்து இளைத்துத் தொண்ணூற்றாறு கிலோவுக்கு இறங்கியிருந்தார். அந்த எடையோடு போனால் வேறு பிரிவில் போட்டுவிடுவார்கள்.

"நாலு கிலோதானே?" என்றேன். "அதை என்னட்டை விடுங்கோ."

உலகத்தில் எனக்குத் தெரிந்த வேலை இரண்டு. மற்றது இது. எட்டு வாரம் அந்த மனிதருக்கு நான் சோறு கட்டினேன். தேங்காய்ப்பூ அள்ளிப் போட்ட பிட்டு, நல்லெண்ணெய் விட்ட உழுத்தங்களி, ஆட்டிறைச்சிக் கறி, சனிக்கிழமை ஒடியல் கூழ். அவர் ஒவ்வொரு சாப்பாட்டுப் பெட்டிக்கும் குனிந்துவிட்டுத்தான் திறப்பார். சிவமலர் தன் பங்குக்கு ரொம்மனில் இருந்து பயற்றம் பணியாரம் கொண்டுவந்தாள். வெள்ளிக்கிழமைகளில், சக்கரநாற்காலியோடு ஏற்றி நிறுக்கிற தராசை மேல்மாடியிலிருந்து இறக்கி அவரை அதில் ஏற்றுவோம்.

"தொண்ணூற்றெட்டரை," என்பாள் சிவமலர். "அக்கா, ஒரு நேரக் கூழ் காணாமல் கிடக்கு."

"சப்பாத்தைக் கழட்டினவரோ?"

"கழட்டிப்போட்டார். சொக்ஸ் ஓட்டை. அதுவும் நிறை குறைச்சல்தான்."

ஏழாம் வெள்ளி நூற்றியொன்று. நான் சலவைக்கூடத்தில் நின்று கைதட்டினேன். ஐந்து பிள்ளை பெற்று வளர்த்தபோதும் நான் இப்படிப் பெருமைப்படவில்லை.

போட்டிக்கு முந்திய புதன்கிழமை அவர் ஒரு பொதி கொண்டுவந்தார். அந்தப் பழைய சட்டை. மூன்றாமிடத்துக்காக மோதியபோது போட்டிருந்த அதே சட்டை. பாய் மாதிரித் தடித்த வெள்ளைப் பருத்தி. முதுகில் நாட்டுப் பெயரின் எழுத்துகள். அதைத்தான் போடப்போகிறேன், பெல்ஜியக்காரன் பிடித்த இடம் இந்தக் கையில் இன்னும் இருக்கிறது என்றார். எங்களுக்குக் காட்டுவதற்காகச் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றார். கை இரண்டும் மணிக்கட்டில் வந்து கச்சிதமாக நின்றன. அன்று அவர் ஆட்டுக்கல் மாதிரி இல்லை. கோபுரம் மாதிரி இருந்தார்.

அந்த நேரம் பார்த்து நான் கறிப்பெட்டியைத் திறந்தேன். மூடி இறுக்கம். இழுத்தபோது நண்டுக் கறி ஒரு கரண்டி பாய்ந்துபோய் அவருடைய நெஞ்சில் விழுந்தது.

மஞ்சள் கறை. வெள்ளையில்.

"பரவாயில்லை," என்றார் அவர். "வீட்டில் குளிர்ந்த தண்ணீரில் அலசுகிறேன். இதை நான் எப்போதும் கையால், குளிர்ந்த தண்ணீரில்தான்."

"குளிர் தண்ணிக்கு மஞ்சள் போகுமே? கழட்டுங்கோ. தாங்கோ இஞ்சை."

"ஃப்ரூ பரிமளம், குளிர்ந்த தண்ணீர்..."

"எனக்குச் சொல்லித் தராதையுங்கோ."

இப்படித்தான் சொன்னேன். இதே சொற்கள். நெஞ்சில் கறி ஒழுகிய சட்டையோடு ஒரு மனிதரை நான் சபைக்கு அனுப்புவேனா? எங்கள் ஊரில் தேருக்குப் போகிறவருடைய வேட்டியில் ஒரு பொட்டுக் கறை இருந்தால் அது துவைத்தவளுக்குத்தான் வெட்கம். அவர் ஒரு கணம் நின்றார். பிறகு சட்டையைக் கழற்றி இரண்டு கையாலும் தந்தார்.

முதியோர் இல்லத்தில் வெள்ளை என்றால் தொண்ணூறு பாகைச் சூட்டுத் தண்ணீர். கிருமி சாகவேண்டும். இருபத்திரண்டு வருடமாக என் விரல் அந்தப் பொத்தானைத்தான் அழுத்தியிருக்கிறது. சட்டையின் கழுத்தில் ஒரு துண்டு தைத்திருந்தது, அதில் ஏதோ எழுதியிருந்தது. துண்டை வாசிக்க எனக்குத் தெரியாது, தெரியாது என்று ஒருவரிடமும் கொடுத்துக் கேட்கிற ஆளும் நான் இல்லை. விரிப்புகளோடு சேர்த்துப் போட்டேன். தொண்ணூறு. பிறகு உலர்த்தும் மெசின், அதிலும் பெரிய சூடு.

கறை போய்விட்டது. பால் மாதிரி வெள்ளை. எடுத்து மடித்தபோது துணி இறுகி, பலகை மாதிரி நின்றது. பொதி சின்னதாக வந்தது. என் மடிப்பின் திறமை என்று நினைத்தேன். இல்லை, இன்று உண்மையைச் சொல்ல வேண்டும். அந்த நேரம் ஒரு நொடி என் கைக்குத் தெரிந்தது. கைக்குத் தெரிந்ததை நான் மனத்துக்குப் போகவிடவில்லை.

வியாழன் பின்னேரம் பொதியைக் கொடுத்தேன். அவர் விரித்துப் பார்த்தார். ஒரு கையை எடுத்துத் தன் கையோடு வைத்துப் பார்த்தார். பிறகு மறுபடியும் மடித்தார். நான் மடித்த அதே மடிப்பில், மெதுவாக. எனக்கு எதிரே வந்து நேராக நின்று குனிந்தார். வழக்கத்தை விடக் கூடுதலாக, கூடுதல் நேரம் குனிந்தார்.

நான் சிரித்துக்கொண்டு நின்றேன். "வெண்டுகொண்டு வாங்கோ" என்றேன்.

திங்கட்கிழமை வந்தார். நாங்கள் பணியாரம் சுட்டுக்கொண்டுபோய்க் காத்திருந்தோம்.

"என்ன நடந்தது?"

"மோதவில்லை."

"ஏன்? நிறை காணாதோ?"

"நிறை நூற்றிரண்டு. வாசலில் சட்டையை அளந்தார்கள். விடவில்லை. என் அளவுக்கு அங்கே வேறு சட்டையும் இல்லை." கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். "உங்கள் சாப்பாடு, ஃப்ரூ பரிமளம். நான் வளர்ந்துவிட்டேன். சட்டைக்குள் நான் அடங்கவில்லை."

"அந்த பெல்ஜியக்காரர்?"

"வெளியே வாங்குப் பலகையில் இரண்டு பேரும் இருந்து சூப் குடித்தோம். அவன் அழுதான். நான் கிடைக்காத இடங்களுக்குப் பழகியவன்."

எனக்கு முதலில் கவலைதான் வந்தது. பிறகு, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பெருமை வந்தது. என் கைச் சாப்பாடு ஒரு ஜூடோ வீரரைச் சட்டைக்குள் அடங்காமல் பண்ணிவிட்டது. இதை நான் கோயிலில் சொன்னேன். கலியாண வீடுகளில் சொன்னேன். பெண்பிள்ளை பெரியவளான சாமத்திய வீட்டில் மைக் பிடித்தவரிடமும் சொன்னேன், அவர் அதை எல்லோருக்கும் சொன்னார். பெல்ஜியக்காரனுக்கு இடுப்பு மாற்றினார்கள். அவன் பிறகு மேடை ஏறவில்லை. அதை நான் கதைக்கு ஒரு வால் மாதிரிச் சேர்த்துச் சொல்லிச் சிரித்தேன்.

இரண்டு வருடத்தில் ஆட்டுக்கல் ஓய்வு எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனார், தங்கச்சி வீட்டுக்கு. கடைசி நாள் சலவைக்கூட வாசலில் வந்து நின்றார். மெசின்களுக்குக் குனிந்தார். சிவமலருக்குக் குனிந்தார், அவள் அன்றைக்குச் சிரிக்கவில்லை. எனக்குக் குனிந்தார். என் இரண்டு கையிலும் ஈரத் துணி. "போயிட்டு வாங்கோ" என்று நாடியால் காட்டினேன். துணியைக் கீழே வைத்திருக்கலாம். கூடை பக்கத்தில்தான் இருந்தது.

நானும் ஓய்வு எடுத்து, லோறென்ஸ்கூக்கில் என் மகள் அபி வாங்கிய வீட்டுக்கு வந்துவிட்டேன். ஒவ்வொரு மார்கழியும் ஹங்கேரியிலிருந்து ஒரு பொதி வரும். மிளகாய்த்தூள். நிறம் மட்டும்தான், உறைப்பு இல்லை. "இதையும் தூள் எண்டு அனுப்புறார்" என்று சொல்லிக்கொண்டு, ஒரு துளியும் வீணாக்காமல் கறியில் போடுவேன்.

போன மார்கழி பொதி வரவில்லை. மாசியில் வந்தது. உறையில் வேறு கையெழுத்து. உள்ளே தூளோடு ஒரு கடிதமும் இரண்டு படமும். எழுதியது அவருடைய தங்கச்சி. எழுதியதை அபி கைபேசியைப் பிடித்து நோர்வேஜியனாக்கி, பிறகு தமிழில் எனக்குச் சொன்னாள். அண்ணா ஐப்பசியில் காலமாகிவிட்டார். நித்திரையில். தூள் அவர் கட்டி வைத்ததுதான்.

அபி முதல் படத்தைத் தந்தாள். ஒரு மரத்தடியில் ஆட்டுக்கல் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு சிரித்துக்கொண்டு நின்றார். நோய் வருத்தத்தில் ஆள் பாதியாகப் போயிருந்தார்.

"பாத்தியே?" என்றேன், பழக்கம் விடவில்லை. "என்ர சாப்பாட்டில சட்டைக்குள்ள அடங்காமல் போனவர். கடைசியில எப்பிடி மெலிஞ்சு போனார்."

அபி படத்தைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தாள். "அம்மா, இப்ப மெலிஞ்சுதானே நிக்கிறார். வயிறே இல்லை. பிறகேன் சட்டையின்ர கை முழங்கைக்குக் கிட்ட நிக்குது?"

"அது... அப்ப சாப்பிட்டது."

"சாப்பிட்டா வயிறு வைக்கும். கை நீளுமே அம்மா?"

சமையலறையில் பாத்திரம் கழுவும் மெசின் ஓடிக்கொண்டிருந்தது. படத்தை வாங்கி, சட்டையின் கையை விரலால் அளந்து பார்த்தேன்.

அபி கடிதத்தின் மிச்சத்தை வாசித்தாள். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அண்ணா இந்தச் சட்டையைப் போடுவார். பிள்ளைகள் கையைப் பார்த்துச் சிரிப்பார்கள். என்னைக் கையால் பிடிக்காமலே எறிந்த ஒரே ஆள் நோர்வேயில் இருக்கிற ஒரு தமிழ்ப் பெண்மணி என்று சொல்லுவார். அந்த அம்மாவுக்கு இதைத் தெரியப்படுத்தலாமே என்று நான் கேட்டேன். கூடாது, அவர் தன் துவைப்பில் பெருமை உள்ளவர் என்றார். இப்போது அண்ணா இல்லை. உங்களுக்கு உரியதை அனுப்புகிறேன்.

இரண்டாவது படம் அந்த நீலக் கொப்பியின் கடைசிப் பக்கம். வரிவரியாக எழுத்து. எனக்கு அந்த எழுத்து வாசிக்க வராது. ஆனால் வேலைச் சீட்டில் இருபத்திரண்டு வருடம் கையெழுத்துப் போட்டதால் என் பெயரை அந்த எழுத்தில் பார்த்தால் தெரியும். பொத்தான் அழுத்தி அழுத்தி இலக்கமும் தெரியும். எல்லோருக்கும் கடைசியில் நான் இருந்தேன். பெயர். பக்கத்தில் ஏதோ ஒரு சொல். எந்த எறிதல் என்று எழுதுகிற இடத்தில் 90, அதன் தோளில் ஒரு சின்ன வட்டம்.

"நடுவில என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டேன்.

அபி எழுத்துக்கூட்டிப் பார்த்தாள். "யாழ்ப்பாணம். பிழையில்லாமல் எழுதியிருக்கிறார், அம்மா."

அந்த வியாழக்கிழமை பின்னேரம் அவர் எனக்கு எதிரே நின்று குனிந்தது எதற்கென்று அப்போதுதான் விளங்கியது. நான் சிரித்துக்கொண்டு நின்றுவிட்டேன். ஏழு விநாடிக்காக முப்பது வருடம் காத்திருந்த மனிதரிடமிருந்து அதைப் பறித்துவிட்டு, அதைக் கலியாண வீடுகளில் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அவர் இருந்தபோது ஒரு தொலைபேசி எடுத்திருந்தால் போதும். உறைப்பில்லாத தூளுக்கு நன்றி சொல்லுகிற சாட்டில் சட்டையைப் பற்றிக் கேட்டிருந்தால்கூட, என் காதில் அவருடைய மூச்சு ஒரு நொடி நின்றிருக்கும், நான் அந்தப் பொய்யைப் பிடித்திருப்பேன்.

கொப்பியின் படத்தைச் சுவரோடு சாத்தி மேசையில் நிற்கவைத்தேன். கதிரையிலிருந்து எழும்பினேன்.

"என்னம்மா செய்யிறீங்கள்?" என்றாள் அபி.

"ஒரு போட்டி முடியாமல் கிடக்கு, பிள்ளை. கொஞ்சம் விலகி நில்."

இரண்டு கையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு குனிந்தேன். முழங்கால் பிடித்தது, இடுப்பு பிடித்தது. அவர் அன்று எவ்வளவு நேரம் குனிந்து நின்றாரோ, அவ்வளவு நேரமும் நின்றுவிட்டுத்தான் நிமிர்ந்தேன்.